பார்சல்காரர் போட்ட கொண்டை

அலுவலகத்தில் அவருக்குக் கொண்டையம்மா என்று பெயர். வேறு பெயரும் நிச்சயம் இருக்கும். ஆனால் குடிநீர் வாரியத்தின் புகார் கவுன்டருக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடித் தடுப்பின் பின்னால் முதலில் தெரிவது ஒரு கொண்டைதான். அதற்குக் கீழே கொஞ்சம் மனுஷி இருப்பது பிறகுதான் தெரியும். கத்துவதற்கென்றே வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறவர்கள்கூட "இவ்வளவும் சொந்த முடியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்த ஆரம்பிப்பார்கள்.

சொந்த முடிதான். அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். பின்னினால் கைப்பிடிக்குள் அடங்காது. தொங்கவிட்டால் மேஜை டிராயரில் மாட்டும், சுழல் நாற்காலியின் சக்கரத்தில் சிக்கும். ஒருமுறை பஸ் கதவில் மாட்டி, முடி பஸ்ஸுக்குள்ளும் அம்மா பஸ்ஸுக்கு வெளியிலுமாக அடுத்த நிறுத்தம் வரை ஓடியிருக்கிறார். ஆகவே தூக்கிக் கட்டியே தீர வேண்டும். இளம் வயதில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டித் தினமும் தலைவலி. காதோரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சொட்டை. பிறகு அவரே தட்டுத் தடுமாறி ஒரு வழி கண்டுபிடித்தார். அதிலிருந்து தலைவலி இல்லை, சொட்டையும் மூடிக்கொண்டது. காலையில் கண்ணாடிகூடப் பார்க்காமல், அடுப்பில் ஒரு கண்ணை வைத்தபடியே போட்டுக்கொள்வார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வலது கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்றது.

"தோள் மூட்டு இறுகிப் போச்சும்மா. தானா சரியாயிடும்" என்றார் டாக்டர்.

"எப்போ டாக்டர்?"

"ஒரு வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம். பார்ப்போம்."

கொண்டையம்மாவுக்கு எங்கேயோ கேட்ட பதிலாக இருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் நினைவு வந்தது. கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் அவர் சொல்கிற பதில்தான் அது.

இடது கை தனியாக நின்று ஒன்றும் செய்வதற்கில்லை. வீட்டில் மிச்சமிருந்த கைகள் கணவருடையவை. அவை சாமானியக் கைகள் அல்ல. வாரியத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பார்சல் அலுவலகத்தில் கட்டுப் போடுவது அவர் வேலை. அங்கே அவருக்கு முடிச்சு என்று பெயர். அவர் கட்டிய பெட்டி கப்பலில் போனாலும், கழுதை மேல் போனாலும், வழியில் வாய் திறக்காது. அனுப்பியவர் வாழ்த்துவார், பெற்றவர் சபிப்பார். சொந்தத் தலையில் அவருக்குச் சீப்புக்கே வேலை கிடையாது. எப்போதோ காலியான இடம்.

"இது என்ன பெரிய வித்தை? இரு, ரெண்டு நிமிஷம்" என்றார்.

முதல் நாள் கொண்டையம்மா வேலைக்குப் போனபோது புருவம் நெற்றியின் நடுவில் இருந்தது. "என்னம்மா, எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படறீங்க?" என்று பக்கத்துக் கவுன்டர்காரர் கேட்டார். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. இந்த வாரியத்தில் தங்கள் புகாரைக் கேட்டு அதிர்ச்சியடைய ஒருவராவது இருக்கிறாரே!

சாயங்காலம் கணவர் இறுக்கிய கட்டை அவிழ்க்க உட்கார்ந்தார்கள். ரப்பர் பேண்ட் தனியாக வரவில்லை, துணைக்கு ஒரு கொத்து முடியைக் கூட்டிக்கொண்டு வந்தது. மறுநாளும் ஒரு கொத்து. அதற்கடுத்த நாள் காதோரத்துச் சொட்டை பழைய இடத்தை நினைவு வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

"இறுக்காதீங்க."

"இறுக்கலைன்னா அவுந்துடும்."

"அவுழாதுங்க."

"எப்படி அவுழாது?"

"அது அவுழாது. அவ்வளவுதான்."

"அதான், எப்படின்னு கேக்கறேன்!"

அந்தக் கொண்டையை ஊரே பார்த்திருக்கிறது. அது உருவாவதை யாரும் பார்த்ததில்லை, கொண்டையம்மா உட்பட. எல்லாம் முதுகுப் பக்கம் நடந்த காரியம். கைகளுக்குத் தெரியும். கைகளோ மேலே போகாது. வாய் நன்றாகவே இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது.

அந்த வாரம் நாத்தனார் வந்தார். கழுத்தளவு முடிக்காரர், ஆகவே ஆலோசனை சொல்லும் தகுதி அவருக்கு உண்டு.

"வெட்டிடுங்க அண்ணி. தலை காத்தாடும். என்னைப் பாருங்க, குளிச்சிட்டு ஒரு உதறு, முடிஞ்சுது."

"யோசிக்கலாம்."

"என்ன யோசனை? சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பார்லர்ல சொல்லிட்டேன். அண்ணன் நம்பரைக் கொடுத்திருக்கேன். நீங்கதான் போனை எடுக்கவே மாட்டீங்களே."

கொண்டையம்மா சரி என்றார். தினமும் கொத்துக் கொத்தாகப் போவதற்கு ஒரேயடியாகப் போகட்டும் என்றார். சொல்லிவிட்டு முடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும் உறவுக்காரர் பக்கத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். முடிச்சு அதைப் பார்த்தார். பார்க்காததுபோல விளக்கு சுவிட்சைத் துடைத்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் பார்சல் அலுவலகத்திலிருந்து ஒரு கற்றை சணலோடு வந்தார். அதை ஒரு நாற்காலி முதுகில் கட்டித் தொங்கவிட்டு, மனைவியை அதன் பின்னால் முக்காலியில் உட்கார வைத்தார். சணல் கொண்டையம்மாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது. கையைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

"போடு" என்றார்.

"நாற்காலிக்கா?"

"நாற்காலிக்குத்தான். நான் பார்க்கறேன்."

முதலில் வரவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டு போட்டால் கைகள் குழம்பின. கடைசியில் கொண்டையம்மா கண்ணை மூடிக்கொண்டார். உடனே கைகள் வீடு திரும்பியதுபோல வேலையை ஆரம்பித்தன. நுனியிலிருந்து கோதிச் சிக்கெடுத்தன. பிடரி இருந்திருந்தால் அதற்குச் சற்று மேலே சணலைச் சேர்த்துப் பிடித்தன, இழுக்கவில்லை. தளர்வாக முறுக்கின. முறுக்கு தானாகவே எந்தப் பக்கம் வளையப் பார்த்ததோ அந்தப் பக்கமே சுற்றவிட்டன. நுனியை அடியில் செருகி, கொண்டை ஊசியைக் குத்தித் திருப்பி உள்ளே தள்ளின.

முடிச்சு வாயைப் பிளந்தார். "நீ கட்டவே இல்லையே!"

"யாரு கட்டச் சொன்னா? சும்மா உக்கார வைக்கணும், அவ்வளவுதான்."

ஆயுள் முழுவதும், வழியில் எவனும் பிரிக்கக் கூடாது என்று கட்டிய மனிதர். கொண்டையை யாரும் பிரிக்க வரப்போவதில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சனிக்கிழமை வரை நாற்காலிக்கு விதவிதமாகக் கொண்டை போட்டார். ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. ஒரே இடத்தில் பாரம் விழக் கூடாது என்று நாற்காலிக்கே விளக்கினார். நாற்காலி ஒரு குறையும் சொல்லவில்லை.

"சனிக்கிழமை நாலரை வரைக்கும் நின்னா பார்லர் கிடையாது" என்றார் மனைவியிடம்.

"அவுந்தா?"

"அவுந்தா உன் இஷ்டம்."

சனிக்கிழமை காலை மனைவி தலையில் கொண்டை உட்கார்ந்தது. வலி இல்லை. புருவம் அதன் இடத்தில் இருந்தது. அன்றைக்குப் புகார் சொல்ல வந்தவர்கள் மறுபடியும் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

நான்கு மணிக்கு மேல் ஒருவர் கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து கவுன்டரில் வைத்தார். "இதைக் குடிப்பீங்களா நீங்க?"

கொண்டையம்மா இல்லை என்று தலையாட்டினார்.

"நாளைக்காவது சரியாகுமா?"

மறுபடி தலையாட்டினார். அந்த இரண்டாவது ஆட்டத்தில் ஊசி நழுவியது. சுற்று ஒவ்வொன்றாக இறங்கி, தோள் வழியாக, நாற்காலி வழியாகத் தரையை நோக்கிப் போயிற்று. பாட்டில்காரர் தன் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தன்னால்தான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கொண்டையம்மா கையைத் தூக்கப் பார்த்தார். கை மேஜை உயரம் வரை வந்து நின்றுவிட்டது. இடது கையால் மேஜை போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"அவுந்துடுச்சுங்க."

"எவ்வளவு?"

"முழுசும்."

"அசையாதே, வரேன்."

சீப்பும் ஊசிகளுமாக முடிச்சு சாலையைத் தாண்டி ஓடி வந்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றார். "நாற்காலில நின்னுதே!" என்றார், அழுதுவிடும் குரலில்.

"நாற்காலி தலையாட்டுமா?" என்றார் கொண்டையம்மா. சொன்னதும் அவருக்கே பிடிபட்டது. "அங்கே தலையே இல்லையேங்க. ஊசி சுத்தின முடியில மட்டும் நின்னா போதாது. அடியில, தலையோட ஒட்டின முடியில கொஞ்சம் அள்ளிக்கிட்டுத் திரும்பணும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"இப்பத்தான் எனக்கே தெரியும்!"

மேலாளர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். விதிமுறைகளில் இதற்கு ஏதும் இருந்ததாக ஞாபகம் வராததால் கதவைச் சாத்திக்கொண்டார். வரிசையிலிருந்த ஒரு வயதான அம்மா, "தம்பி, மேலேர்ந்து இழுக்காதே, நுனியிலேர்ந்து வா" என்றார். "கொஞ்சம் லூசா விடுங்க சார்" என்றார் பாட்டில்காரர். தண்ணீர் வராத எல்லாத் தெருக்களும் ஒற்றுமையாகக் கொண்டையில் கவனம் செலுத்தின. இவ்வளவு பொறுமை அந்த வரிசையில் இருந்தது யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை சரிந்தது. மறுபடி முதலிலிருந்து. கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. முடிச்சின் வாயில் ஊசிகள், இரண்டு கையிலும் முடி. அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

கொண்டையம்மாவுக்கு யார் என்று தெரியும். பேச்சுப்படி கொண்டை தோற்றுவிட்டது. இனி அவர் இஷ்டம்; பார்லருக்குப் போவதென்றால் எழுந்தாக வேண்டும். எழுந்தால் இதுவும் அவிழும்.

"சார், போன்" என்றார் பாட்டில்காரர்.

"ம்ம்" என்றார் முடிச்சு.

"நான் எடுக்கட்டுமா?"

"ம்ம்ம்."

எடு என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. வாய் நிறைய ஊசி வைத்திருப்பவரிடம் மேற்கொண்டு விளக்கம் கேட்கவும் முடியாது. பார்லர்காரர்கள் விடாமல் அடித்தார்கள். நின்றது. இன்னொரு தடவை அடித்தது. அதுவும் நின்றது.

கடைசி ஊசி அடிமுடியை அள்ளிக்கொண்டு திரும்பி உள்ளே போயிற்று.

கொண்டையம்மா தலையை ஆட்டாமல் கண்களை மட்டும் பாட்டில்காரர் பக்கம் திருப்பினார்.

"எந்தத் தெருன்னு சொன்னீங்க?"