நான்கு மணி நேர நாற்காலியில் அப்பா தேடித் தந்த படிப்பு

அந்த உணவு அட்டையில் கங்கோங் கீரை இருந்தது. தெம்பே இருந்தது, டுரியான் இருந்தது, நாசி லெமாக்கூட இருந்தது. முருங்கைக்கீரை இல்லை. சாம்பார் இல்லை, ரசம் இல்லை, வாழைத்தண்டு இல்லை. எங்கள் வீட்டில் புழங்கும் ஒரே பொருள் இளநீர். அதற்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

அப்பா மருத்துவமனைக் கட்டிலில், நெஞ்சில் வயர்கள் ஒட்டிய நிலையில் படுத்திருந்தார். அட்டையைக் கொடுத்த இளம் மலாய்ப் பெண் அங்கே உணவு ஆலோசகர். "நேற்று அப்பா என்ன குடித்தார்?" என்று கேட்டார். "இரண்டு இளநீர். நான்தான் கொடுத்தேன்" என்றேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் தொடங்கிய இரண்டாவது வாரம் அது. தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் கண்டிப்பாகக் குறைத்தேன். ஆனால் நம் வீடுகளில் இளநீரை யாரும் தண்ணீராக எண்ணுவதில்லை. அது மருந்து, சூட்டைத் தணிப்பது. தண்ணீர் கேட்டுத் தவித்தவருக்கு, நல்லது செய்கிறோம் என்ற பெருமையோடு வெட்டிக் கொடுத்தேன். பல்கலைக்கழகம் நுழைவதற்கான எஸ்டிபிஎம் தேர்வில் உயிரியலில் 'ஏ' வாங்கியவள் நான். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள். அந்தப் பொட்டாசியம் இளநீருக்குள் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா அட்டையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா பாப்பா, நம்ம வீட்டுக் கொழம்பு ஒன்னுகூட இதுல இல்லையே? இத எழுதுறதுக்கு என்னா படிக்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளு."

கேட்டேன். "டயட்டெட்டிக்ஸ். நாலு வருஷ டிகிரி" என்றார். அதைப் படிக்கும் எண்ணம் எனக்குத் தோன்றியது அந்த நொடியில்தான். அதற்கு முன் அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

அப்பா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் வேலைக்குப் போனார். பிறகு லோரி ஓட்டுநரானார். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது அம்மாவோடு ஜெராமுக்குக் குடிவந்தார். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன், ஒரே பிள்ளை.

அளவுக்கு மேல் ஒரு குலையையும் தம் லோரியில் ஏற்ற விடமாட்டார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர், "பத்து கொல கூட ஏத்துனா ஒன் லோரி என்னா அழுவுதா?" என்று சீண்டினாராம். "லோரி அழாது மண்டோரே. பிரேக் புடிக்கலன்னா ஒங்க வீட்டு அம்மாதான் அழுவாங்க. முன் சீட்டுல உக்காந்து வர்றது நீங்கதானே" என்றாராம் அப்பா. அந்த மண்டோரே எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கோலசிலாங்கூர் டயலிசிஸ் மையத்தின் நாற்காலியில் அசையாமல் சாய்ந்திருக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் தூங்கினார்கள், டிவி பார்த்தார்கள். அப்பா விசாரிக்கத் தொடங்கினார். ஊசி குத்த வரும் நர்ஸ் மிஸி, இயந்திரம் பழுதுபார்க்க வரும் தம்பி, இரத்தம் எடுத்துப் போக வரும் பெண், யாரையும் விடவில்லை. "நீ என்னா படிச்ச? எத்தன வருஷம்? கணக்கு வேணுமா, ரசாயனம் வேணுமா? இண்டர்வியூ இருக்கா?"

பதில்கள் உடனுக்குடன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக எனக்கு வந்துவிடும். பின்னணியில் இயந்திரம் பீப் அடித்துக்கொண்டிருக்கும். "பாப்பா, நர்ஸிங் டிகிரி நாலு வருஷம். டிப்ளோமா மூனு வருஷந்தான், ஆனா டிகிரி முடிச்சா மேல போக சுலபமாம்." "பாப்பா, எக்ஸ்ரே எடுக்குறதுக்கும் டிகிரி இருக்காம் லா!" "சுற்றுச்சூழல் சுகாதாரம்னு ஒன்னு. நான் கொசு மருந்து அடிக்கிற வேலைன்னு நெனச்சேன். கடைத் தண்ணி, தொழிற்சாலைப் பொக எல்லாம் பாப்பாங்களாம்."

ஆறு மாதத்தில் அக்கம்பக்கத்தார் பிள்ளைகளின் தேர்வு முடிவைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு மேரி அத்தை, "அண்ணே, எம் பொண்ணுக்கு ரத்தம்னா மயக்கம் வந்துரும். ஆனா ஆஸ்பத்திரி வேலதான் வேணுங்குறா. எங்க போயி சொல்றது?" என்று புலம்பினார். "ரத்தம் பாக்காத படிப்பு இருக்கு தங்கச்சி. ஆடியோலஜி. காது மட்டுந்தான். அதுலயும் மயக்கம் வந்தா எங்கிட்ட வராத" என்றார் அப்பா. அத்தையின் மகள் இப்போது ஆடியோலஜி முதலாண்டில் இருக்கிறாள்.

என் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. விண்ணப்பத்தில் டயட்டெட்டிக்ஸை முதலில் போட்டிருந்தேன். அதற்கு நேர்முகத் தேர்வு உண்டு, கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதற்குள் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து நர்ஸிங் பட்டப்படிப்புக்கு இடமும் உபகாரச் சம்பளமும் தருவதாகக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வோ அடுத்த புதன்கிழமை.

அம்மாவுக்கு நர்ஸிங்தான். "கையில வந்தத விட்டுட்டு, அங்கயும் கெடைக்கலன்னா? நீங்களும் இந்த நெலமையில இருக்கீங்க. அவளுக்கு ஒரு வேல வேணாமா?" அம்மாவின் பயத்தில் தவறே இல்லை. பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தம் பங்குக்கு, "சோறாக்கக் கத்துக்க நாலு வருஷமா? எங்கிட்ட வா, நாலு நாள்ல கத்துத் தர்றேன்" என்றார். "அக்கா, நீ கத்துக்குடுத்த உப்புலதான் எங் கிட்னியே போச்சு" என்று அப்பா சொன்னதும் வீடே சிரித்தது. அத்தைதான் அதிகம் சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகும் கடிதம் மேசையில் இருந்தது. வியாழக்கிழமையும் வந்துவிட்டது. மறுநாள் மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் போய்விடும். நான் அப்பாவோடு மையத்துக்குப் போனேன். அங்கே இருபது ஆண்டு அனுபவமுள்ள மூத்த மிஸி ஒருவர் இருந்தார். டிப்ளோமாவோடு வேலைக்கு வந்து, பிள்ளை பெற்ற பிறகு நர்ஸிங் பட்டம் வாங்கியவர். அப்பா அவரிடமே கேட்டார்.

"மிஸி, நீங்களே சொல்லுங்க. இவ ரெண்டுல எத எடுக்கணும்?"

"அங்கிள், நான் நர்ஸு. நர்ஸிங்தான் சொல்லுவேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு நோயாளி பக்கத்துல நிக்கிறது நாங்கதான். அதுக்கு மேல ஒரு படிப்பு கெடையாது."

அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. மிஸி குழாயைச் சரிபார்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஆனா ஒன்னு. இந்தப் பொண்ணு இத்தன மாசமா எங்கிட்ட வந்து என்னா கேட்டிருக்கா? மருந்து பத்தி ஒரு கேள்வி கேட்டிருப்பாளா? 'மிஸி, முருங்கக்கீரைய ரெண்டு தடவ கொதிக்கவச்சு தண்ணிய ஊத்திட்டா சாப்பிடலாமா? மிஸி, பருப்ப முன்னாடி நாளே ஊறவச்சா பொட்டாசியம் கொறையுமா?' இதானே கேட்டா? அங்கிள், இவள நர்ஸிங்குக்கு அனுப்புனா வார்டுல எட்டிப் பாக்காம கிச்சன்லதான் நிப்பா."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "இந்தா, அவ தப்பு பண்ணுனா பண்ணட்டும். நான் இருக்குறப்பவே பண்ணட்டும். பக்கத்துல நின்னு பாத்துக்குறேன்." மறுநாள் கல்லூரிக்கு மறுப்புக் கடிதம் அனுப்ப என் கைப்பேசியைச் சார்ஜ் செய்து கொண்டுவந்து கொடுத்தது அம்மாதான்.

நேர்முகத் தேர்வில், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்துவைத்த பதிலை மறந்துவிட்டு, அப்பாவுக்கு இளநீர் கொடுத்ததைச் சொன்னேன். தேர்வாளர்கள் மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இடம் கிடைத்தது. பதிவு நாளன்று டயலிசிஸ் இல்லை. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் என்னோடு வந்து, வரிசையில் நின்ற மற்றப் பெற்றோரிடமெல்லாம், "ஒங்க புள்ள என்னா படிப்பு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டாம் பருவத்தில் இருந்தபோது அப்பாவுக்கு நுரையீரலில் கிருமி தொற்றியது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். எட்டாம் நாள், முகமூடியை விலக்கி, "பரீட்ச எப்ப?" என்று கேட்டார். "திங்கள்" என்றேன். "போயி எழுது" என்றார். சனிக்கிழமை நண்பகலில் அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்க அமைதியாகக் கண்மூடினார். திங்கட்கிழமை நான் போகவில்லை. மூன்று வாரம் கழித்து, தனித் தேர்வாக எழுதித் தேறினேன். பாடம், சிறுநீரக நோயாளிக்கான உணவு.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் சிலரை வணங்காமல் இருக்க முடியாது. வேன் கிடைக்காத நாள்களில் தங்கள் வேலையை ஒதுக்கிவிட்டு அப்பாவை மையத்துக்கு ஏற்றிச் சென்ற லோரி ஓட்டுநர் மாமாக்கள், தங்கள் தேநீர் நேரத்தில்கூட அப்பாவின் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன மிஸிகள், கடைசி ஒன்பது நாளும் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மேரி அத்தை, இறுதிச் சடங்கை முன்னின்று நடத்திய கோவில் நிர்வாகத்தினர், எல்லாருக்கும் எங்கள் இரு கைகூப்பிய நன்றி. இந்த நினைவு மலரின் கடைசித் தாள்களில், தேவாரத்துக்கு அடுத்த பக்கத்தில், நம் வீட்டுச் சாப்பாட்டில் முப்பது வகையைச் சிறுநீரக நோயாளி எவ்வளவு சாப்பிடலாம் என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். என் விரிவுரையாளர் சரிபார்த்துத் தந்தது. அதைக் காட்டி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

அடுத்த வேலை ஆடிக் கூழ். நம் கோவிலில் கூழ் வாங்க வரிசையில் நிற்பவர்களில் டயலிசிஸ் செய்பவர் ஐந்து பேர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள், அம்மன் கூழாயிற்றே! அதனால் அரிசி நொய்யில், மோரில்லாமல், உப்பைக் குறைத்து, சிறு கிண்ண அளவில் அவர்களுக்கென ஒரு தனிப் பானை வைக்கக் கோவில் தலைவரிடம் கேட்டேன். "ருசி கொறஞ்சா ஜனங்க என்னத்தான் திட்டும்" என்றார். ஆனால் சம்மதித்துவிட்டார். அளவு இன்னும் சரியாக வரவில்லை. மூன்று முறை காய்ச்சிவிட்டேன், இரண்டை அம்மாவே துப்பிவிட்டார். நான்காவதை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவில் மடப்பள்ளியில் காய்ச்சுகிறேன். பெரிய அத்தை துடுப்புப் போட வருவதாகச் சொல்லியிருக்கிறார், உப்பு டப்பாவைத் தொடமாட்டேன் என்ற வாக்கோடு.