அந்த ஆல்பம் இல்லை

என் கொழுந்தனார் எனக்கு முதன்முதலில் போட்டுக் காட்டிய கேசட்டின் அட்டையில் படமே கிடையாது. முழுக்கச் சாம்பல் நிறம். ஓரத்தில் பொடி எழுத்தில் இங்கிலீசு. தமிழையே பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் நான் கற்றவள். அதனால் அதற்கு நானே பேர் வைத்துக்கொண்டேன், 'மோட்டார்' என்று. எனக்குப் பிடித்த ஆல்பங்களில் இன்றுவரை அதுதான் முதல். அடுத்தது 'ஈரத்துணி'. அதில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல், துணியை முறுக்கிப் பிழிவதுபோலக் குரலைப் பிழிந்துகொண்டே போவாள். அப்புறம் 'தகரம்'. கோடை மழை தகரக் கூரையில் விழுகிற மாதிரி ஆரம்பித்து, முடிவதற்குள் கூரையே பறந்துவிடும். இவற்றைப் பாட்டு என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அது அவர்கள் பாடு.

கொழுந்தனார் கம்பத்தில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, வீரபாண்டித் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். குமுளியில் ஒரு லாட்ஜுக்கு வயரிங் வேலைக்குப் போன இடத்தில், வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன கேசட்டுகளைக் கேட்டு வாங்கி ஒரு பையில் கொண்டுவந்தார். நான் வாசலில் திராட்சை தரம்பிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரைச் சோதிக்க அந்தச் சாம்பல் கேசட்டைப் போட்டார். ஒரே ஒரு சத்தம், நீளமாய், அடியிலிருந்து ஏறியது. தாளமும் வரவில்லை, குரலும் வரவில்லை. என் கை நின்றுவிட்டது. மோட்டாரைப் போட்டதும், தண்ணீர் வந்து விழுகிறவரைக்கும் குழாய் ஒரு மூச்சு இழுக்குமே, அது. கிணறு வற்றிய கோடைகளில் அந்த மூச்சைக் கேட்டபடி குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னொருக்காப் போடு தம்பி" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றீகளா மதினி?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இதுக்குப் பேரு ஆல்பம். ஒண்ண மட்டும் பிச்சு எடுத்துக் கேக்கப்புடாது. மொதல்லருந்து கடைசிவரைக்கும் ஒரே மூச்சுல கேக்கணும்."

அப்படித்தான் கேட்டோம், வருடக்கணக்காக. "மைக்செட்டுக்காரன் ரேடியோ ரிப்பேராயிருச்சு, அதுக்கும் அவன் மதினி தலையாட்டுது" என்று தெருவில் சிரித்தார்கள். நான் தலையை இன்னும் நன்றாகவே ஆட்டினேன். இப்போது ஆளுக்கொரு போன் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு கால்வாசி போவதற்குள் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறார்கள். கிறுக்கு யாருக்கென்று நான் கேட்கவில்லை.

போன மாசியில் அவர் இறந்தார். கருமாதியன்று பந்தல் போட்டு, படத்துக்கு மாலை சாத்தி, வேறொருவரின் மைக்செட்டில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆயுசெல்லாம் அடுத்தவர் கேட்டதைப் போட்டே பிழைத்த மனிதர். அவருடைய நாளிலாவது அவர் கேட்டது ஒலிக்க வேண்டாமா? என்னால் உட்கார முடியவில்லை. அவர் மகனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, ஒங்கப்பனுக்குப் புடிச்ச ஆல்பம் பீரோவுல இருக்கு பாரு, எடுத்துட்டு வா."

போனவன் கல்யாண போட்டோ ஆல்பத்தைத் தூக்கி வந்தான். பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "அப்ப எம்புட்டு முடி பாருடி அவருக்கு" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"அந்த ஆல்பம் இல்லடா" என்று நானே உள்ளே போய்ச் சாம்பல் கேசட்டையும், அதைப் போடும் அவருடைய பழைய பெட்டியையும் எடுத்துவந்தேன்.

கொழுந்தனாரின் மைத்துனர் குறுக்கே வந்து நின்றார். "அக்கா, பெரிய மனுசக வந்திருக்காக. இங்கன வந்து இதப் போடாதீக."

"வந்தவுக யாருக்காக வந்தாக?"

"மாப்ளைக்காகத்தான்."

"அப்ப அவரு கேட்டதக் கேட்டுட்டுப் போகட்டும்."

அவர் தன் தங்கச்சியை, கொழுந்தனாரின் மனைவியை, பார்த்தார். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தை வைதவள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போடட்டும்ண்ணே. இந்த எழவ நான் மட்டும் கேட்டாப் போதுமா? எல்லாரும் கேக்கட்டும்."

பக்திப் பாட்டை நிறுத்தி, பெட்டியை மைக்செட்டில் மாட்டினார்கள். அந்த ஒற்றைச் சத்தம் ஏறத் தொடங்கியதும் மைக்செட்டுக்காரர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஆத்தா, எர்த் அடிச்சு ஸ்பீக்கரு இரையுது, நிப்பாட்டிரவா?"

"தொட்டுறாதப்பா. அதான் பாட்டு."

பந்தல் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்திருக்கப் பார்த்த ஒரு பெரியவரை நான் பார்த்த பார்வையில் அவர் மறுபடி உட்கார்ந்தார். மைத்துனர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"ஏங்க்கா, பாட்டு எப்பத்தான் வரும்?"

"வந்துக்கிட்டுத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.