பாஸ் எங்கக்கா?

டயர் கடைக்குச் சந்தோஷமாக வருகிறவர் யாருமில்லை. ஆணி குத்தின கோபத்தோடுதான் வருவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் என்னைப் போல் சொந்தக் கடை நடத்தும் பெண்ணுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடை வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

எல்லாரும் பாஸ்

நம் நாட்டில் யாரை வேண்டுமானாலும் பாஸ் என்று கூப்பிடலாம். ரொட்டி சானாய் போடுகிறவர் பாஸ், அதைச் சாப்பிடுகிறவர் பாஸ், கார் நிறுத்த இடம் காட்டுகிறவரும் பாஸ். என் கடையில் டயர் கழற்றும் முனியாண்டியை வருகிறவர்கள் எல்லாம் பாஸ் என்கிறார்கள். அவரும் திருப்பி அவர்களைப் பாஸ் என்கிறார். சம்பளம் கொடுக்கிற நான் மட்டும் அக்கா.

ஒரு நாள் வேனில் வந்தவர், "அக்கா, பாஸ் எங்க?" என்றார். "நான்தான், சொல்லுங்க" என்று சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைக் காட்டினேன். அதில் என் படம் தெளிவாகவே இருக்கிறது. கிட்டப் போய் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் நல்லா இருக்குக்கா. பாஸ் எப்ப வருவாரு?"

டச்சுக்காரர் வீட்டுச் சொல்

எரிச்சல் தாங்காமல் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கைப்பேசியில் தோண்டினேன். டச்சு மொழியில் 'பாஸ்' என்றால் எஜமான். மலாக்காவில் சிவப்புக் கட்டடம் கட்டிய அதே டச்சுக்காரர்களின் சொல். ஆனால் அது இங்கே இறங்கி நேராக நம்மிடம் வரவில்லை. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. அங்கே கூலிக்கு உழைத்தவர்களுக்கு முதலாளியை 'மாஸ்டர்' என்று கூப்பிட மனம் வரவில்லையாம்; அடிமை கூப்பிடுகிற மாதிரி இருந்ததாம். அதனால் பாஸ் என்றார்கள். பழைய ஜெர்மன் மொழியில் அத்தையைக் குறித்த ஒரு சொல்லுக்கு இது உறவாக இருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். உறுதியில்லை. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

முனியாண்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் நட்டை முறுக்கிக்கொண்டே கேட்டார்: "அத்தைய கூப்பிடுற சொல்லா? அப்ப என்னைய ஏன்க்கா கூப்பிடுறாங்க?"

போலே பாஸ்

எதிரே ஏர்கோன் போட்ட பெரிய கடை வந்ததும் எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. குருபோங்கில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓட்டும் கம்பெனியின் வேலை கிடைக்காவிட்டால் முனியாண்டியை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்த நிலைமையில் கம்பெனி மேனேஜர், ஒரு பேருந்தையும் அதன் ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நேராக முனியாண்டியிடம் போய் முன் சக்கரத்தைக் காட்டி, "பாஸ், இது தீபாவளி வரைக்கும் ஓடுமா?" என்றார். டயரின் பக்கவாட்டில் ஓர் இடம் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வேலை பறிபோகுமோ என்ற பயம் முனியாண்டிக்கு. தவிர, பாஸ் என்று கூப்பிட்டவரிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் இங்கே யாருக்கு இருக்கிறது? "போலே பாஸ், போலே!" என்று, முடியும் என்பதை மலாயில் சொல்லித் தலையாட்டிவிட்டார்.

அந்த வண்டியில் தினமும் பெண்பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். "ஓடாது. வழியிலேயே வெடிக்கும்" என்று சொல்லி, ஓட்டுநரைக் கூப்பிட்டு வீக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "பாஸ்ங்க ரெண்டு பேரும் பேசுறோம்லா, நீங்க போய் உட்காருங்கக்கா" என்றார் மேனேஜர். நான் ஜாக்கியை வைத்துச் சக்கரத்தையே கழற்றிவிட்டேன். அவர் திட்டிக்கொண்டே வாடகைக் காரில் ஏறிப் போனார். முனியாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை கடை வாசலில் பேருந்துகள் வரிசையாக நின்றன. அந்த ஓட்டுநர் போய் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கடை அக்கா பார்த்து அனுப்பாத வண்டியை எடுக்கமாட்டோம் என்று எல்லாரும் சாவியைக் கீழே வைத்துவிட்டார்களாம்; வேறு வழியில்லாமல் மேனேஜரே எல்லா வண்டியையும் இங்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் இறங்கி வந்தார். வழியில் நின்ற முனியாண்டியிடம் சொன்னார்: "பாஸ், கொஞ்சம் தள்ளுங்க. அக்காகிட்ட பேசணும்."

இப்போதெல்லாம் என் கடையில் பாஸ் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அக்கா என்று கூப்பிட்டால்தான் வேலை நடக்கும்.