ஏலத்துக்குப் போன பெயர்கள்

கையில் எடுத்துக் காட்ட முடியாத சரக்கை விற்றுப் பிழைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. டாட் காம் என்று முடியும் பெயர்களைச் சொல்கிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனுக்கு மேலே இருந்த அறையில், கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். அதற்கான பெயரையும் நானே பதிவு செய்து கொடுப்பேன். கார்ப்பரேஷனில் குழாய் வேலை பார்த்த என் அப்பா, கம்ப்யூட்டர் வேலை என்றால் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம் என்று நம்பி என்னை இதில் சேர்த்துவிட்டார்.

பெயரை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சில வாரம் பொறுத்துவிட்டு, பதிவு செய்யும் கம்பெனி அதை இணையத்தில் ஏலம் விட்டுவிடும். கூடுதலாகக் கேட்பவருக்குப் பெயர் போய்விடும். இந்த மூன்று வரியை வாடிக்கையாளருக்கு விளக்கி விளக்கித் தொண்டை வறண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேற்கொண்டு படிக்கக்கூட வேண்டாம், தலையாட்டினால் போதும்.

காணாமல் போன இடம்

ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்தும் ரோஸி சேச்சியின் வெப்சைட் பெயரில் நடுவே ஒரு சிறு கோடு இருக்கும். கோடில்லாத முதல் பெயர் தொலைந்துபோனது. பதிவு செய்தபோது சேச்சியின் மகன் தன்னுடைய ஆபீஸ் ஈமெயிலைக் கொடுத்துவிட்டு துபாய்க்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பெல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் விழுந்தன. சீசன் தொடங்கிய ஒரு காலையில் சேச்சி பார்க்கிறார், தன் வீட்டுப் படம் இருந்த பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பெயர் ஏலத்தில் போய்விட்டிருந்தது. வாங்கியவர் எந்த நாடு என்றுகூடத் தெரியவில்லை. எழுதிய கடிதம் எதற்கும் பதில் இல்லை.

போலீஸுக்குப் போயே ஆக வேண்டும் என்றார் சேச்சி. நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர் நல்ல மனிதர். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி சேச்சி, திருடு போகும்போது அந்தப் பேரு வீட்டுக்குள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

ஏலக்காய் ஏலம்

யூதர் தெருவான ஜூ டவுனில் டூரிஸ்டுகளுக்கு மசாலா விற்கும் கரீம் அண்ணனுக்கு, அங்கத்து வழக்கில் கரீம் இக்காவுக்கு, ஏலக்காய்க்கு உண்டான 'கார்டமம்' என்ற ஆங்கிலச் சொல்லே தன் வெப்சைட்டின் பெயராக வேண்டும் என்று ஆசை. அந்தப் பெயர் ஏலத்துக்கு வந்திருப்பதாக எங்கிருந்தோ தெரிந்துகொண்டு, என்னிடம் சொல்லாமல் அவரே கேட்டு, ஜெயித்தும் விட்டார். பேப்பரில் அச்சடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். கடைசியில் 'எம்' என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'என்' என்ற எழுத்து இருந்தது. நான் சொன்ன பிறகுதான் கவனித்தார்.

ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி நான் எழுதினேன். படித்துப் பார்த்துக் கேட்பது கேட்பவர் பொறுப்பு என்று பதில் வந்தது. குற்றம் சொன்னவள் நான் என்பதாலோ என்னவோ, இரண்டு மாதம் இக்கா என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போனார். பிறகு அந்த வெப்சைட்டுக்கு ஆர்டர்கள் வரத் தொடங்கின. வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லை அதே மாதிரி தப்பாகத்தான் எழுதுகிறார்கள். சரியான பெயரும் கிடைக்கிறதா பார்க்கட்டுமா என்று கேட்டேன். இக்கா சொன்னார்: "அது வேண்டாம் மோளே. எழுதத் தெரிஞ்சவன் பேரம் பேசுவான், தெரியாதவன் வாங்கிட்டுப் போவான்."

திட்டுவதற்கு ஓர் ஆள்

தோப்பும்படியில் படகு இன்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஆண்டனி சேட்டன், தன் ஒர்க்‌ஷாப் பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் மூன்று வாரம் யோசித்தார். அதற்குள் யாரோ அதைப் பதிவு செய்து ஏலத்தில் போட்டுவிட்டார்கள். நான்தான் தகவலை விற்றுவிட்டேன் என்று ஹார்பர் சாயாக் கடை முழுக்கச் சொன்னார். அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் என்னிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பெயரை எடுத்தவர் யாரென்ற விவரத்தை அச்சடித்து, பஸ் ஏறிப் போய் அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, மூச்சு வாங்க என் மாடிப்படி ஏறி வந்தார். வேறு பெயர் ஒன்றை எழுதிய சீட்டை நீட்டினார். அது காலியாக இருந்தது. இந்தத் தடவை யோசிக்கவில்லை. பதிவு முடித்து எழுந்தபோது சொன்னார்: "நீ எடுக்கலைன்னு அன்னைக்கே தெரியும் செல்வி. ஆனா திட்டுறதுக்கு எனக்கு வேற யாரையும் தெரியாதே."

வெளியாள்

பழைய மரச்சாமான் விற்கும் சுலைமான் இக்காவும் அவர் தம்பி ஜமாலும் பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். அத்தா பெயரில் இருந்த கடையை, அவர் போன பிறகு நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை நின்றது. டாட் காம் பெயர் மட்டும் பிரிக்க முடியாமல் இரண்டு பேர் பெயரிலும் கிடந்தது. புதுப்பிக்கலாம் என்று நான் போனால், அவன் பெயரை எடுத்துவிட்டுச் செய் என்று அண்ணன் சொன்னார். அவர் பெயரை எடுத்துவிட்டுச் செய் என்று தம்பி சொன்னார். இப்படியே கெடு தாண்டிப் பெயர் ஏலத்துக்குப் போனது.

ஏலம் முடியும் நாளன்று காலையிலேயே ஜமால் இக்கா என் அறையில் வந்து உட்கார்ந்தார். கேட்டவர்கள் இரண்டே பேர்தான், நாங்களும் இன்னொருவரும். நாங்கள் விலையை ஏற்றினால் ஒரு நிமிஷத்தில் அந்தப் பக்கமும் ஏறும். கடைசி நேரத்தில் யாராவது ஏற்றினால் கெடுவும் ஐந்து நிமிஷம் நீளும். "பம்பாய்க்காரன் எவனோ, அத்தா பேரை வச்சு யாவாரம் பண்ணப் பாக்கறான்" என்று பல்லைக் கடித்தார். மதியமாகியும் முடியவில்லை.

சாயா வாங்கி வரக் கீழே இறங்கினேன். அண்ணன் கடை வெப்சைட்டுக்கு வேண்டிய படங்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்ததால், அப்படியே அங்கே எட்டிப் பார்த்தேன். சுலைமான் இக்காவின் மகள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பின்னால் அவர், கையில் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டியபடி நின்றுகொண்டிருந்தார். திரையில் நான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அதே பக்கம். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

ஒரு வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். படியேறும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அறைக்குள் நுழைந்ததும், "இக்கா, எதிர்ல இருக்கறது உங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாலு நிமிஷம் சொச்சம் மிச்சமிருந்தது. இரண்டு பேரும் சாயா குடித்தோம். நேரம் முடிந்து, பெயர் அந்தப் பக்கம் போனது. எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடியபடி சொன்னார்: "எதிர்ல நான்தான்னு அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். வெளியாள் ஒருத்தனைத் தோக்கடிச்சதாவே இருக்கட்டும்."

பெயரைப் பதிவு செய்ய இரண்டே நிமிஷம் போதும் என்று என் கடை போர்டில் எழுதியிருந்தேன், அந்தப் பெயருக்கு உரியவர்களைச் சமாளிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று எழுத அதில் இடமில்லை.