412-க்கு எதிரே ஒரு கோடு

ஸ்காட்லாந்தில் எங்கள் ஊரான லாக்கெல்லியின் தொடக்கப் பள்ளியில் எந்தத் தேர்தல் நடந்தாலும், வாசலுக்கு நேர் எதிரே உள்ள மேசையில் நெட்டா மெல்டிரம்தான் உட்கார்ந்திருப்பார். முன்னால் வாக்காளர் பட்டியல், வலக்கையில் கூராகச் சீவிய பென்சில், இடக்கையில் மர ஸ்கேல். வந்தவர் பெயரைச் சொன்னதும் ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே நகர்த்தி, எண்ணை உரக்கப் படித்து, அதற்கு எதிரே ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்தால் அந்த ஆள் வந்து வாக்குச்சீட்டு வாங்கிவிட்டார் என்று பொருள்.

பத்தொன்பது ஆண்டுகளில் அவர் இழுத்த ஒரு கோடுகூட வேறு வரியில் விழுந்ததில்லை. 1979 மார்ச் முதல் தேதி, வியாழக்கிழமை பிற்பகல், ஒன்று விழுந்தது. அது அவருடைய கணவர் ஹெக்டரின் வரி. ஹெக்டர் இறந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஹெக்டரும் நெட்டாவும் முதன்முதலில் பேசிக்கொண்டதே ஒரு இறந்த ஆளின் பெயரைப் பற்றித்தான். 1949-ல், ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். நிலக்கரிக் குழியில் வேலை முடித்து, கழுத்து மடிப்பில் கரி போகாமலே, ஹெக்டர் தாள்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். நெட்டாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. அம்மா கையெழுத்துப் போட்டார், நெட்டா போட்டார், கீழே இன்னொரு பெயரையும் எழுதினார்.

"ஜேம்ஸ்னு போட்டிருக்கியே, யாரு?" என்று கேட்டார் ஹெக்டர்.

"எங்க அப்பா."

"கூப்பிடு. கை குலுக்கிட்டுப் போறேன்."

"போன வருஷம் குழிக்குள்ள கூர விழுந்து போயிட்டாரு. இருந்திருந்தா மொதக் கையெழுத்து அவரோடதுதான்."

ஹெக்டர் பென்சிலை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டார்.

"ஏய், என்ன பண்ற?"

"மன்னிச்சுக்கம்மா. லண்டன்காரன் பேரு பேரா நோண்டுவான். ஒரே ஒரு செத்த ஆளு அகப்பட்டாப் போதும், அத்தன லட்சமும் பொய்யின்னுருவான்."

"எங்க அப்பா பொய்யா? வெளிய போடா!"

போனவர் அடுத்த சனிக்கிழமை இரண்டு சினிமா டிக்கெட்டோடு வந்தார். அவர்கள் கல்யாணம் நடந்த ஆண்டுக்குள் இருபது லட்சம் கையெழுத்து சேர்ந்திருந்தது. லண்டனில் அதை வாங்கி எங்கோ வைத்தார்கள். பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டு. குழிகள் ஒவ்வொன்றாக மூடின. இருவருக்கும் குழந்தை இல்லை. நெட்டா கூட்டுறவுக் கடையின் துணிப் பிரிவில் நின்றார். ஹெக்டர் தொழிற்சங்கக் கூட்டம், ஊர்க் கூட்டம், பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் என்று அலைந்தார். கடைசியில் நுரையீரலில் கரித்தூள் உறைந்து, மாடி ஏற நான்கு முறை நின்றார். அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கென ஒரு சட்டமன்றம் அமைக்கலாமா, மக்களே 'ஆம்', 'இல்லை' சொல்லட்டும் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை. அதைச் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில், பியர் குவளையை மேசையில் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே ஹெக்டர் விளக்கியதை உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதும் நானும் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன்.

"'ஆம்' அதிகமா விழுந்தாப் பத்தாதாம். பட்டியல்ல உள்ள நூறு பேருல நாப்பது பேரு 'ஆம்'னு குத்தணுமாம். குத்த வராதவன் யாரு?"

"சோம்பேறி," என்றான் யாரோ.

"சோம்பேறியும் 'இல்லை'. காய்ச்சல்ல படுத்தவனும் 'இல்லை'. பட்டியல் எழுதினப்புறம் செத்தவனும் 'இல்லை'. ஏண்டா ராப், உன் கட்சிக்கு இந்தத் தடவ கல்லறை மொத்தமும் ஓட்டுப் போடுதுடா. வீடு வீடாப் போக வேண்டாம், மண்வெட்டி எடுத்துட்டுப் போ!"

மன்றமே சிரித்தது. அவருடைய தம்பி ராப்பும் சிரித்தான். ராப் அதே சங்கத்து ஆள்தான், ஆனால் இந்த விஷயத்தில் அண்ணனுக்கு நேர் எதிர். "எடின்பரோல நூத்தம்பது பேரு உக்காந்து பேச இன்னொரு கடையா? லண்டன்ல இருக்கற கடையே போதும்பா" என்பான்.

பட்டியலுக்கான நாள் அக்டோபர் பத்து. அன்று ஹெக்டர் உயிரோடு இருந்தார், ஆகவே பெயர் ஏறியது. நவம்பர் இருபத்து மூன்றில் இறந்தார்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் நெட்டாவுக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் கடையில், துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது, மன்றத்தில் அவர் சொன்ன வேடிக்கை நினைவுக்கு வந்தது. கத்தரி பாதித் துணியில் நின்றுவிட்டது. ஹெக்டர் இப்போது 'இல்லை'.

அந்தச் சனவரியை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். வேலைநிறுத்தத்தால் லாரிகள் ஓடவில்லை, பள்ளிகளில் சூடேற்ற எண்ணெய் இல்லை, தெருவில் அள்ளாத குப்பை மேல் பனி விழுந்து உறைந்தது. நெட்டா இரண்டு பஸ் மாறி, இறப்புச் சான்றிதழைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பட்டியல் வைத்திருக்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்டோபர் பத்துல உங்க வீட்டுக்காரர் இருந்தாரில்லையா மேடம்?"

"இருந்தாரு. இப்ப இல்ல."

"பட்டியல் அந்தத் தேதிக்குத்தான். அதுல பேர எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அவரு ஆயுசு பூரா இதுக்காக நடந்தவரு. அவர, இத எதிர்த்து ஓட்டுப் போட்டவங்கள்ல சேத்துருவீங்களா?"

"அப்படி இல்ல மேடம். செத்தவங்க எத்தன பேருன்னு லண்டன்ல உத்தேசமா ஒரு கணக்குப் போட்டுக் கழிச்சிருவாங்க."

"அந்தக் கணக்குல ஹெக்டர் இருக்காரா?"

"பேர் பேராப் போட மாட்டாங்க. மொத்தமாத்தான்."

"அப்ப அவரக் கழிச்சாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இளைஞர் சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தெரியாது மேடம்," என்றார்.

மார்ச் முதல் தேதி வாக்குச்சாவடி வேலைக்கு நெட்டா வராமலே இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரிகள் அப்படித்தான் சொன்னார்கள். 'பத்தொன்பது வருஷமா உக்காந்த நாற்காலி' என்று சொல்லிவிட்டு, காலை ஆறரைக்கே பள்ளிக்கு வந்தார். வாக்குச்சாவடித் தலைவர் இம்ரி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாதி ஊருக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்து, மீதி ஊரைத் தோல்வாரால் அடித்தவர். பட்டியல் புத்தகத்தை அவரே பிரித்து நெட்டாவின் முன்னால் வைத்தார். எங்கள் ஊர்ப் பட்டியல் தெரு வாரியாக, வீட்டு வாரியாக இருக்கும். 412, மெல்டிரம், ஹெக்டர். 413, மெல்டிரம், ஜேனட். ஜேனட் என்பது நெட்டாவின் பதிவுப் பெயர்.

ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் நெட்டா முதலில் தன் எண்ணைத் தானே படித்து, தன் வரிக்குக் கோடு போட்டு, 'ஆம்' குத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க எங்கள் தெருக்காரர் யார் வந்தாலும் அதே பக்கத்தைத் திருப்ப வேண்டும். திருப்பும்போதெல்லாம் 412 வெறுமையாக நின்றது.

கூட்டம் இல்லை. காலையில் நான் எட்டிப் பார்த்தபோது மூன்று கிழவர்கள் சூடேற்றும் குழாயில் முதுகைக் கொடுத்து நின்றார்கள். 'வாக்குப்பதிவு மந்தம்' என்று என் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போனேன்.

இரண்டரை மணிக்கு ராப் வந்தான், அவனும் எங்கள் தெருதான். மன்றத்தில் இரண்டு குவளை ஏற்றியிருந்தான்.

"பேரு?" என்று கேட்டார் நெட்டா.

"என் பேரு உனக்குத் தெரியாதா? கல்யாணத்துல மோதிரத்த எடுத்துக் குடுத்தவன் நான்."

"பேரச் சொல்லணும் ராப்."

"ராபர்ட் மெல்டிரம், மகாராணி!" சீட்டை வாங்கியவன் குனிந்து, அதே பக்கத்தில் வெறுமையாக நின்ற 412-ஐப் பார்த்தான். "ஏ நெட்டா, பாத்தியா. முப்பது வருஷம் தொண்ட தண்ணி வத்தப் பேசினேன், கேக்கல. கடைசில அண்ணனும் நம்ம பக்கம் வந்துட்டாரு."

சிரிப்பின் பாதியிலேயே தான் சொன்னது என்னவென்று அவனுக்கே தெரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினான். "நான் அப்படி... நெட்டா, வாய் தவறிருச்சு."

"பெட்டி அந்தப் பக்கம் இருக்கு," என்றார் நெட்டா.

அவன் போனான். மூன்று மணி சுமாருக்கு, குழாய் சில்லிட்டுப் போனதால், இம்ரி பாய்லரைப் பார்க்கக் கீழே இறங்கினார். காவலர் வெளிவாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அறையில் நெட்டா, பெட்டி, சீட்டுக் கட்டு, முத்திரை குத்தும் கருவி. வேறு யாரும் இல்லை.

ஸ்கேலை 412-க்குக் கீழே வைத்தார். கோடு இழுத்தார்.

பின்னாளில் இதை என்னிடம் சொன்னபோது ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னார். அந்தக் கோடு எந்தக் கோடு என்று அவருக்கே தெரியவில்லையாம். செத்த ஆளை அடித்துவிடுகிற கோடா, வந்து ஓட்டுப் போட்ட ஆளுக்கு இழுக்கிற கோடா? இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அலுவலகம் செய்யாததைத் தான் செய்துவிட்டதாக ஒரு நொடி நிம்மதி வந்ததாம். அடுத்த நொடி உறைத்தது. இந்த மேசையில் கோட்டுக்கு ஒரே பொருள்தான். ஹெக்டர் மெல்டிரம் வந்தார், சீட்டு வாங்கினார். இனி பாக்கி இருப்பது அந்தச் சீட்டு. கிழித்து, முத்திரை குத்தி, 'ஆம்' போட்டு, பெட்டியில் போட ஒரு நிமிடம் போதும். சீட்டுக் கட்டின் மேல் கை வைத்தார்.

வைத்த கை அங்கேயே இருந்தது. ஏறி வந்த இம்ரி முதலில் கையைப் பார்த்தார், அப்புறம் பட்டியலைப் பார்த்தார். வகுப்பில் பதில் தாளைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"பாய்லர் இன்னும் சரியாகல மிஸஸ் மெல்டிரம்," என்றார். "திரும்பப் போய்ப் பாக்கணும். ஒரு பத்து நிமிஷம் ஆகும்."

குழாயில் சூடு ஏறும் சத்தம் இருவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வாழ்நாளில் ஒரு பையனுக்குக்கூட அரை மதிப்பெண் கூட்டிப் போடாத மனிதர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"போகாதீங்க," என்றார் நெட்டா.

"யாருக்கும் தெரியாதும்மா."

"அவருக்குத் தெரியும். எங்க அப்பா பேரையே அடிச்ச ஆளு அவரு."

இம்ரிக்கு அது புரியவில்லை.

"ரப்பரக் குடுங்க மிஸ்டர் இம்ரி."

"நான் அழிக்கறேன்."

"குடுங்க. நான் போட்டது, நானே அழிக்கறேன்."

அழுத்தி இழுத்த கோடு, எளிதில் போகவில்லை. நெட்டா ஸ்கேலைக் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வரியில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். தாள் அந்த இடத்தில் மெலிந்து நூல் எழும்பியது. ரப்பர்த் துகளை ஊதிவிட்டார். 412 மறுபடி வெறுமையானது. முப்பது ஆண்டு நடந்த மனிதரை, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, தன் கையால் எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வாசலில் பேக்கரிக்காரி காலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "பேரு?" என்றார் நெட்டா.

மறுநாள் எண்ணினார்கள். 'ஆம்' பக்கம் எழுபத்தேழாயிரம் பேர் அதிகம். மன்றத்தில் ஒருவன் மேசை மேல் ஏறிக் கத்தினான். அறிவிப்பு அதோடு முடியவில்லை. பட்டியலில் நூறு பேருக்கு முப்பத்து மூன்றுகூட எட்டவில்லை, நாற்பது வேண்டும், ஆகவே சட்டமன்றம் இல்லை. மேசை மேல் ஏறியவன் இறங்குவதற்கு யாரோ கை கொடுத்தார்கள். ஜெயித்துத் தோற்ற ஊர் எப்படி இருக்கும் என்று பத்திரிகை ஆசிரியர் நாற்பது வரி கேட்டார். யாரும் எதுவும் பேசவில்லை என்பதை நாற்பது வரிக்கு நீட்டி எழுதிக் கொடுத்தேன்.

நெட்டாவிடம் யாரோ ஆறுதல் சொன்னார்கள். ஹெக்டர் ஒருவர் ஓட்டால் எதுவும் மாறியிருக்காது, லட்சக்கணக்கில் குறைந்தது என்று. "தெரியும், எனக்கும் எண்ணத் தெரியும்" என்றாராம். ராப் ஒரு மூட்டை நிலக்கரியைக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்துவிட்டுப் போனான். அந்த மூட்டை பிரிக்கப்படாமல் வெயில் காலம் வரை அங்கேயே கிடந்ததை நான் பார்த்தேன்.

அதே மாதக் கடைசியில் லண்டனில் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. மே மாதம் பொதுத்தேர்தல். பட்டியல் அதே பட்டியல்தான். நெட்டா வீட்டுக் கதவுத் துளை வழியாக இரண்டு அட்டைகள் விழுந்தன. ஒன்று ஜேனட் மெல்டிரத்துக்கு. இன்னொன்று ஹெக்டர் மெல்டிரத்துக்கு, எண் 412, காலை ஏழு முதல் இரவு பத்து வரை வந்து வாக்களிக்கவும் என்று.

அந்த முறை நெட்டா மேசைக்கு வரவில்லை. கூட்டுறவுக் கடைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பட்டியல் புதுப் பிரதி, அழித்த தடம் எதுவும் அதில் கிடையாது. நெட்டா வரிசையில் நின்று, பெயரைச் சொல்லி, சீட்டு வாங்கிப் போட்டுவிட்டு, இம்ரியின் மேசையருகே நின்றார். கையில் ஹெக்டரின் அட்டை.

"மிஸ்டர் இம்ரி, இந்தத் தடவ வராதவங்கள எதுல சேப்பாங்க?"

"எதுலயும் இல்ல மிஸஸ் மெல்டிரம். வரலன்னா வரல, அவ்வளவுதான்."

"செத்தவங்க?"

"அவங்களும் அப்படித்தான்."

நெட்டா அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"அப்ப மார்ச்சுல மட்டும் ஏன்?"

இம்ரி நாற்பது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பென்சிலைக் கையில் எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். நெட்டாவுக்குப் பின்னால் வரிசை நின்றது. நெட்டா ஒதுங்கி வழிவிட்டார்.