இரண்டு கார்டிலும் பாதி

விமானக் கம்பெனிக்காரர்களின் சிரிப்பை நான் நம்புவதில்லை. ஒரு காலத்தில் நம்பினேன். ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், இரண்டாயிரத்துக்குப் பிறகு வளைகுடாவில் ஒரு பணக்கார வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனேன். அந்த வீட்டு மேடத்துக்கு ஓர் ஊரில் உட்காரப் பொறுமை கிடையாது. லண்டன், பம்பாய், சிங்கப்பூர் என்று அவர் போகுமிடமெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் பறந்தேன்.

எனக்கு முதல் டிக்கெட் போட்டுத் தந்த பண்டாரவளை ஏஜென்ட்தான் விமானக் கம்பெனியின் புள்ளிக் கார்டு ஒன்றையும் எடுத்துத் தந்தார். "பறக்கப் பறக்க புள்ளி ஏறும் அக்கா. நெறைஞ்சா ஊருக்கு ஒரு டிக்கெட் சும்மா," என்றார். சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கும் பல்லிளிப்பு வந்துவிட்டது.

டிக்கெட்டில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும்; ஏறப் போனால் வேறொரு கம்பெனியின் விமானம் நிற்கும். இரண்டும் கூட்டாம். ஒருத்தன் விற்ற டிக்கெட்டுக்கு இன்னொருத்தன் ஏற்றிப் போவானாம். புள்ளியை இரண்டில் எந்தக் கம்பெனிக் கார்டிலும் போட்டுக்கொள்ளலாமாம்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் புருஷன் ஒரு தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டினால், பெண்டாட்டி எதிர்ச் சங்கத்துக்குக் கட்டுவாள். எந்தத் தலைவரின் கை ஓங்கினாலும் வீட்டுக்கு ஒரு கூரைத் தகரமாவது வந்து சேரும். அந்தப் புத்தியோடு நான் விமானத்திலேயே ஃபாரம் வாங்கி மற்றக் கம்பெனியிலும் சேர்ந்தேன். போகும்போது ஒரு கார்டு, வரும்போது இன்னொரு கார்டு. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

மூன்றாம் வருடம் பெரகலக் கடைப் போனிலிருந்து வீட்டுக்காரர் பேசினார். "புள்ள பெரிய மனுசியாயிட்டா. பதினாறாம் நாள் தண்ணி ஊத்துறோம். வந்துருவியா?"

"சும்மா டிக்கெட்டு கையில இருக்குங்க. அம்மா வர்றேன்னு புள்ளகிட்ட சொல்லுங்க," என்றேன்.

மேடம் ஒரு வாரம் லீவு தந்தார். டிக்கெட் உன் பாடு என்றார். கையிலிருந்த சம்பளத்தைச் சடங்குக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் மதுரைப் பக்கத்துப் பெண்.

"இதுல ஒரு டிக்கெட்டுக்குப் பாதிப் புள்ளிதான் இருக்குங்க. அதுலயும் பாதிதான். ரெண்டையும் சேர்க்க முடியாது."

"நீங்க ரெண்டு கம்பெனியும் கூட்டாளிங்கதானே?"

"பறக்கறதுலதாங்க கூட்டு. புள்ளி அவங்கவங்களுது."

அவள் அத்தோடு விடவில்லை. மேடம் எனக்கு வாங்கித் தந்ததெல்லாம் கடைசி மலிவு டிக்கெட்டாம். கூட்டாளி விமானத்தில் அதற்குக் கால்வாசிப் புள்ளிதானாம். முன்வரிசையில் கால் நீட்டிப் படுத்திருந்த மேடம் முழுத்தூரம் பறந்தாராம். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வால்பக்கம் உட்கார்ந்திருந்த நான் கால்வாசித் தூரம் பறந்தேனாம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிக்கிற எங்கள் கணக்கப்பிள்ளைக்குக்கூட இந்த வித்தை தெரியாது. கடைசியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கம்பெனிப் பெயர் போட்ட பேனா ஒன்று தந்தாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வர முடியாது என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. சும்மா டிக்கெட்டில் வருகிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சாகியிருக்கும். அதை நினைத்தாலே கூசியது. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று பதினாறு நாளும் போய்விட்டது.

மறுநாள் பெரகலக் கடைக்குப் போன் எடுத்து, வீட்டாரைக் கூப்பிட்டு வரச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தேன். மகள்தான் பேசினாள். அழவில்லை.

"நல்ல நேரம் முடியிற வரைக்கும் அத்தைய தண்ணி ஊத்த விடலம்மா. நீ வந்துக்கிட்டு இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்பறம் ராகு காலத்துலதான் ஊத்துனாங்க."

அந்த இரண்டு கம்பெனிகளையும் இன்றுவரை வாய் ஓயாமல் ஏசுகிறேன். ஒரே ஒரு போன் எடுத்து வரமாட்டேன் என்று சொல்லாத என்னை ஏச மட்டும், மகள் உட்பட, யாரையும் நான் விட்டதில்லை.