கைவலிக்குக் கிங்பின்

ஞானகுமாரியும் அவள் அப்பா ஜெயபாலும் கடைசியாகச் சேர்ந்து பார்த்த வேலை, லாரிக்குக் கிரீஸ் அடித்தது. கரையான்சாவடி வீட்டு வாசலில், பூசைக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமை. அவர் கிரீஸ் பம்பின் குழாயைப் பிடித்துக்கொண்டார். அவள் கைப்பிடியை அழுத்தினாள். அழுத்த அவருக்கு இடது கை வரவில்லை.

"இன்னும் வலிக்குதா நைனா?"

"அதான் கிரீஸ் அடிக்கிறமே."

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

ஜெயபால் பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் செங்கல்லும் மணலும் ஏற்றியவர். சத்தத்தை வைத்தே லாரியில் எது உடைந்தது என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போவார். தொண்ணூற்று மூன்றில் ஸ்டீரிங் கல்லாக இறுகியது. திருவேற்காடு திருப்பத்தில் எழுந்து நின்று திருப்பினார். இடது கை தோளிலிருந்து விரல்வரை வலித்தது. டாக்டரிடம் கூப்பிட்டால், "ஸ்டீரிங் டைட்டு மா. நோவு வண்டிக்கு. எனக்கு இன்னாத்துக்கு ஊசி?" என்பார்.

ஞானகுமாரி மெக்கானிகல் டிப்ளமோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அந்தச் சாக்கையே கழற்றி எறிவது என்று முடிவு செய்தாள்.

"கிங்பின் மாத்தி, ஸ்டீரிங் லேசானப்புறமும் வலிச்சா?"

"நீ எங்க இட்டும் போனாலும் வரேன்."

லாரி மெக்கானிக் துலுக்கானம் சிரித்தார். "நான் சாட்சி அண்ணாத்தே. மாட்னே நீ."

முன் அச்சை ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின், கிரீஸையே காணாமல் துருவேறி அச்சோடு ஒட்டிப் போயிருந்தது. சூடு காட்டி, சம்மட்டியால் அடித்து, திட்டி, மறுபடி அடித்த பிறகுதான் வெளியே வந்தது. உடைந்திருந்த ஸ்பிரிங் பட்டையையும் மாற்றினார்கள். கட்டைவிரலால் அழுத்தினாலே புதுக் கிங்பின் இறங்கும்வரை, அது உட்காரும் புஷ்ஷின் துளையை ரீமர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள் ஞானகுமாரி. "ரெண்டு அடி வச்சா எறங்கிடும் மா" என்று சம்மட்டியோடு நின்ற அப்பாவை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மூவருமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டீரிங் ஒற்றைக் கையில் சுழன்றது. அது வலது கை. இடது கை மடியில் கிடந்தது.

"இப்ப என்ன சொல்றே நைனா?"

"ஸ்டீரிங்ல பால் ஜாயிண்ட் ஒண்ணு பழசு கீதுல்ல. அது வண்டிய ஒரு பக்கமா இஸ்க்குது மா."

அவளுக்கு ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

"அத்த மாத்துனா ஹாரன் இஸ்க்கும்," என்றார் துலுக்கானம். "ஸ்பேர் பார்ட்ஸ் கடையவே வாங்குவாரு, ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டாரு."

மறுநாள் கிரீஸ் அடித்துக் கை கழுவும்போது ஒருவழியாக இறங்கிவந்தார். திங்களன்று காட்டுப்பாக்கத்தில் பால் ஜாயிண்ட் வாங்குவது. கடைக்கு எதிரிலேயே இ.சி.ஜி. எடுக்கும் கிளினிக்.

"ரோட்டைத் தாண்டினா போதும் நைனா."

"சரி மா, சரி மா. உயிர எடுக்காத."

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். லாரி சீட்டில் புது பால் ஜாயிண்ட் இருந்தது. அடக்கம் முடிந்த பிறகு துலுக்கானம்தான் அதை மாட்டினார். இப்போது வண்டி எந்தப் பக்கமும் இழுப்பதில்லை.

ஞானகுமாரி காட்டுப்பாக்கம் போய்க் கடைக்காரர் பரந்தாமனிடம் கேட்டாள்.

"வாங்கிகினு இங்கயேதான் நின்னுகினு இருந்தாரு மா. எதிர்ல கிளினிக்கையே பாத்தாரு. கூட்டமா கீது, நாளைக்கு வரலாம்னு கிளம்பிட்டாரு."

"எத்தனை பேர் இருந்தாங்க?"

பரந்தாமன் யோசித்தார்.

"ரெண்டு பேரு."